நிறுக்கத் தராசு உண்டு, கிடத்தத் தொட்டில் இல்லை

இலங்கையில் ஒரு குழந்தை பிறந்ததும் அதன் பெயரில் எழுதப்படும் முதல் ஆவணங்களுள் ஒன்று அதன் சுகாதாரப் பதிவேடு. தாய் மாதந்தோறும் குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்கிறார். அங்கே குழந்தையை நிறுத்து, பதிவேட்டிலுள்ள வளைகோட்டில் ஒரு புள்ளி இடுகிறார்கள். புள்ளி கீழிறங்கினால் மருத்துவமாது வீடு தேடி வருவார். 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தாய்மாரிடம் செய்தி சேகரித்தபோது, உடுத்த உடையோடு வந்த சிலரின் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய அந்தப் பதிவேடு இருந்ததைக் கண்டிருக்கிறேன். காணி உறுதியை விட்டுவந்தவர்கள் பிள்ளையின் நிறைக் கணக்கை விட்டுவரவில்லை. ஓர் அரச சேவை மக்கள் மனத்தில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருப்பது நம் நாட்டில் அரிது.

அந்தச் சேவையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அது பாதிச் சேவை என்பதே நான் சொல்ல வந்தது. மற்றப் பாதி, தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம். பேச்சில் நாம் ‘டே கெயார்’ என்கிறோம். அரச கடிதங்களில் பகல்நேரப் பராமரிப்பு நிலையம். இங்கே அதைப் பிள்ளைக் காப்பகம் என்றே எழுதுகிறேன். சிசு நல கிளினிக்கும் பிள்ளைக் காப்பகமும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கவலையிலிருந்து வளர்ந்தவை. நம் நாட்டில் அவை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று ஒரு சாராருக்கும் மற்றது இன்னொரு சாராருக்கும் கொடுக்கப்பட்டன. லிங்கநகர் போன்ற நகரப் பகுதிகளில் வாழும் உழைக்கும் தாய்மார் அந்தப் பிரிவினைக்கு இன்றும் விலை கொடுக்கிறார்கள்.

கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். பிள்ளை நலம் அரசின் கடமை என்ற எண்ணம் அவ்வளவு பழையதன்று. 1899இல் இங்கிலாந்தில் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 163 குழந்தைகள் முதலாவது பிறந்த நாளைக் காணவில்லை. உலகின் செல்வமெல்லாம் வந்து குவிந்த நாட்டின் கணக்கு இது. இக்கணக்கைக் கண்டு ஆட்சியாளர்கள் உடனே உறக்கம் இழந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. தென்னாபிரிக்காவில் போயர் யுத்தத்துக்கு ஆள் திரட்டியபோது, வந்த இளைஞருட் பெருந்தொகையினர் உடல் தகுதியற்றவர்களெனத் திருப்பி அனுப்பப்பட்டனர். சாம்ராச்சியத்தைக் காக்கத் துவக்குத் தூக்கும் தோள்கள் இல்லை என்று தெரிந்த பிறகே தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். 1904இல் அரச குழுவொன்று இதனை ஆராய்ந்து அறிக்கையிட்டது. 1907இல் பிறப்புகளை உடனுக்குடன் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கும் சட்டமும், 1918இல் தாய் சேய் நலச் சட்டமும் வந்தன.

சட்டங்களுக்கு முன்பே தனிமனிதர் சிலர் வழி காட்டியிருந்தனர். பிரான்சின் ஃபேகாம் என்ற துறைமுக ஊரில் லெயோன் டியூபூர் என்ற வைத்தியர் 1894இல் சுத்தமான பாலைக் குழந்தைகளுக்கு வழங்கும் நிலையத்தைத் தொடங்கினார். பால் வாங்க வரும் தாய் குழந்தையையும் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். இன்று நாம் கிளினிக்கில் காணும் தராசுக்கு இத்தகைய நிலையங்களே முன்னோடி. இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்ட் நகரில் 1904 முதல் 1906 வரை நகர பிதாவாக இருந்த பெஞ்சமின் புரோட்பென்ட், லோங்வூட் என்ற வட்டாரத்தில் தம் பதவிக் காலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வயதை எட்டினால் ஒரு பவுண் தருவதாக அறிவித்தார். பணத்தைவிட, அதன் பேரில் வீடு வீடாகச் சென்று தாய்மாருடன் பேசிய பெண்களின் வருகைதான் பயன் தந்தது.

காப்பகத்தின் வரலாறு இன்னும் முந்தியது. 1844இல் பாரிசில் மார்போ என்பவர் வேலைக்குப் போகும் தாய்மாரின் சிசுக்களுக்காக முதற் காப்பகத்தைத் திறந்தார். என் கட்டுரைக்கு அதைவிட முக்கியமானவர்கள் லண்டனின் டெட்போர்ட் பகுதியில் பணியாற்றிய மார்கரெட், ரேச்சல் மக்மிலன் சகோதரிகள். 1910இல் அவர்கள் அங்கு ஒரு சிறுவர் கிளினிக்கைத் தொடங்கினர். மருந்திட்டுக் குணமாக்கி அனுப்பிய பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயோடு திரும்பி வந்தனர். இருளும் ஈரமும் நிறைந்த ஒற்றை அறை வீடுகளில், தாய் வேலைக்குப் போன பின் பார்க்க ஆளின்றிக் கிடந்த பிள்ளைகள் அவர்கள். மாதம் ஒருமுறை நிறுத்து மருந்து கொடுப்பதால் மட்டும் ஆவது ஒன்றுமில்லை, பகல் முழுவதும் பிள்ளை இருக்க ஒரு நல்ல இடம் வேண்டும் என்று கண்டு, 1914இல் திறந்தவெளிப் பிள்ளைக் காப்பகத்தை அமைத்தனர். கிளினிக்கிலிருந்து காப்பகத்துக்கு அவர்கள் போன பாதையை நாம் இன்னும் போகவில்லை.

அதே ஆண்டு மூண்ட முதலாம் உலக யுத்தம் அப்பெண்கள் கேட்டதை வேறு காரணத்துக்காகப் பல ஊர்களுக்குக் கொடுத்தது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். ஆகவே காப்பகங்களுக்கு அரச மானியம் கிடைத்தது. யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அவற்றிற் பல மூடப்பட்டன. காப்பகம் தாயின் தேவைக்காக அன்றி, வேலை கொடுப்பவரின் தேவைக்காகத் திறக்கப்படும்போது அதன் ஆயுளும் அவருடைய தேவையின் ஆயுளே.

காப்பகம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பம்பாய் சாட்சி. 1920களின் தொடக்கத்தில் அங்கு ஆலைத் தொழிலாளப் பெண்களின் நிலையை ஆராய்ந்த பெண் வைத்தியர் ஒருவர், அவர்களுடைய குழந்தைகளில் 100க்கு 98 பேருக்கு அபின் கொடுக்கப்படுவதாக அறிக்கையிட்டார். தாய் வேலை முடிந்து வரும்வரை பிள்ளை அழாமல் உறங்கிக் கிடக்க ஒரு சிறு உருண்டை. அத்தாய்மாரைக் கொடியவர்கள் என்று தூற்ற எனக்கு மனமில்லை. பத்து மணி நேரம் இயந்திரத்தோடு நிற்க வேண்டிய ஒருத்தி, பிள்ளையைப் பார்க்க ஆளில்லாதபோது, சந்தையில் கிடைத்த ஆயாவை வாங்கினாள். ஆலைகளில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்று 1931இல் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு பரிந்துரைத்தது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1898இல் யாழ்ப்பாணத்து இணுவிலில் அமெரிக்க மிஷனின் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே எழுந்தது. அந்த மிஷனில் பணிபுரிய 1896இல் கனடாவிலிருந்து வந்தவர் வைத்தியர் மேரி இர்வின். அவர் தமிழரான ரட்ணத்தை மணந்ததால் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. மிஷனின் கதவு மூடியது நாட்டுக்கு நன்மையாயிற்று. மேரி ரட்ணம் கொழும்பிலேயே தங்கித் தாய் சேய் நலத்துக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் அரை நூற்றாண்டு உழைத்தார். 1930இல் அவர் தொடக்கிவைத்த லங்கா மகிள சமிதி கிராமப் பெண்களிடையே சுகாதார அறிவைப் பரப்பியது. 1958இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. தமிழ் வாசகரிடையே இன்று அவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

அரசு முறையாகக் காலெடுத்து வைத்தது 1926இல், ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டபோது. ஒரு வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவமாதர். இவர்கள் நோயாளி வரும்வரை வைத்தியசாலையில் காத்திருக்காமல், குறித்த எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிச் செல்ல வேண்டும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. கிராமத்துத் தாய்க்கும் ஒரு வாக்கு உண்டு என்றானதும் கிராமத்துக்கு மருத்துவமாது வேண்டுமென்று கேட்கச் சட்ட சபையில் உறுப்பினர்கள் இருந்தனர். 1934-35இன் மலேரியாக் கொள்ளை ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1935இல் பிறந்த 1,000 குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதுக்குள் மாண்டனர். அந்த அதிர்ச்சி சுகாதாரப் பகுதிகளை நாடெங்கும் பரப்பியது. 1945இல் 140ஆக இருந்த சிசு மரண வீதம் 1950இல் 82ஆகக் குறைந்தது. இன்று அது 10க்கும் கீழே. 1930களில் 100 பிரசவங்களுக்கு இரு தாய்மார் என்ற அளவில் இறந்த நாடு, தாய்மார் மரணத்தைத் தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த அளவுகளுள் ஒன்றாக்கியது. டி.டி.ரி. மருந்தும் இலவசக் கல்வியும் மானிய அரிசியும் இதில் பங்குகொண்டன. ஆயினும் சைக்கிளில் குடையோடு ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்ற மருத்துவமாதின் பங்கை எந்த ஆய்வாளரும் குறைத்து மதிப்பிட்டதில்லை.

இது கிராமத்துக்குக் கிடைத்த பாதி.

மற்றப் பாதி மலையகத்துக்குப் போயிற்று. கொழுந்து கொய்யும் கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லையென்று ஒருத்தி வீட்டில் நின்றால் அன்றைய நிறுவையில் அது தெரியும். ஆகவே தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா வந்தது. லயத்துக்கு அருகே ஓர் அறை, வரிசையாகத் துணித் தொட்டில்கள், மலையேற முடியாத வயதில் ஓர் ஆயா. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் தரவேண்டுமென்றும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் போசணையும் கிடைப்பதைத் தோட்ட நிருவாகம் உறுதிப்படுத்த வேண்டுமென்றும் விதித்தது. ஏட்டளவில் அக்காலத்து இலங்கைக் கிராமத்துத் தாய்க்கு இல்லாத பாதுகாப்பு இது. நடைமுறையில் அது தோட்டத்துரையின் மனத்தையும் தேயிலை விலையையும் பொறுத்திருந்தது.

காம்பரா இருந்தும் தோட்டத்துப் பிள்ளைகள் அதிகமாக இறந்தார்கள். கிராமத்தின் சுகாதாரம் அரசின் கையில் இருக்க, தோட்டத்தின் சுகாதாரம் நிருவாகத்தின் கையில் நெடுங்காலம் விடப்பட்டிருந்தது. அரச மருத்துவமாது தோட்ட எல்லையில் நின்றுவிட்டார். 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டதும், வாக்கில்லாத தாய்க்காகக் கேட்கச் சபையிலும் ஆளில்லாமற் போயிற்று. 1974இன் உணவு நெருக்கடியில் தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டுச் சராசரியின் இரு மடங்குக்கும் மேலே சென்றது. தொட்டில் இருந்தது, தராசும் பாலும் இல்லை. பிற்காலத்தில் தோட்டக் காப்பகங்கள் திருத்தப்பட்டு, பயிற்சி பெற்ற பெண்கள் நியமிக்கப்பட்டு, அரச சுகாதாரச் சேவையும் உள்ளே வரத் தொடங்கிய பின்பே நிலைமை தேறியது. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இவ்விரு வரைபடங்களிலும் திருகோணமலை எங்கே இருந்தது? பிரித்தானியருக்கு இந்த ஊர் ஒரு துறைமுகம். ஊருக்குள் மக்கள் வாழ்ந்தது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும். 1905இல் கடற்படைத் தளத்தைச் சுருக்கியதும் ஊர் சோர்ந்தது. 1901இல் 28,441ஆக இருந்த மாவட்ட மக்கள் தொகை 1911இல் 29,755. பத்து ஆண்டுகளில் கூடியது 1,314 பேர். பின்னர் எண்ணெய்த் தாங்கிகளும் இரண்டாம் உலக யுத்தமும் வந்தன. 1946இல் மக்கள் தொகை 75,926 ஆயிற்று. கப்பலைச் செப்பனிடவும் எண்ணெய் நிரப்பவும் வந்து சேர்ந்த குடும்பங்கள் தளம் கைமாறிய 1957க்குப் பிறகும் இங்கேயே வாழ்ந்தன. அவற்றோடு 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்டோரும், யுத்தத்தாலும் 2004 சுனாமியாலும் இடம்பெயர்ந்தோரும் சேர்ந்து திருகோணமலையின் குடியிருப்புகள் விரிந்தன. கிளினிக்கும் மருத்துவமாதும் இங்கும் வந்தார்கள். தோட்டத்தில் வேலைகொடுப்போர் இலாபத்துக்காகவேனும் அமைத்த தொட்டிலறை மட்டும் வரவில்லை. துறைமுகத்துக்கு வேண்டியவை ஆண்களின் தோள்களே அல்லவா?

இந்த மாவட்டத்தில் அந்தக் குறையை உணர்ந்து செயற்பட முயன்றவர்களும் இருந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு, மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களை வவுனியா, திருகோணமலை முதலான மாவட்டங்களிற் குடியேற்றியது. குடியேற்றங்களில் கிணறும் பயிர்ச்செய்கையும் போலவே பாலர் பாடசாலையும் ஓர் அடிப்படைத் தேவையாகக் கருதப்பட்டது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் நடந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். நம் வரலாற்றை எழுதுவோர் அவரது மரணத்தை எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். அவர் நடத்திய பாலர் பாடசாலைகளையும் எழுதினால் அவரது வாழ்க்கைக்கும் நியாயம் செய்தவர்களாவோம்.

நிற்க. இன்றைய நிலைமை என்ன?

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி தொழிற்சாலை, தோட்டப் பெண்ணுக்கு விடுமுறை 12 வாரம். அதில் 2 வாரம் பேற்றுக்கு முந்தியது. மூன்றாம் பிள்ளைக்கு விடுமுறையைக் குறைத்த பாகுபாடு 2018இல் நீக்கப்பட்டது. அதற்காக நன்றி சொல்வோம். ஆனால் கிளினிக்கில் மருத்துவமாது என்ன சொல்கிறார்? ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லிவருவதும் இதுவே. ஆறு மாதம் என்பது 26 வாரம். பேற்றுக்குப் பின் சட்டம் தருவது 10 வாரம். எஞ்சிய 16 வாரத்துக்குத் தாய் என்ன செய்வார் என்ற கேள்விக்குச் சுகாதாரத் திணைக்களத்திடமும் விடையில்லை, தொழில் திணைக்களத்திடமும் விடையில்லை. சட்டம் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தருகிறது. வேலைத்தலத்தில் காப்பகம் இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். கடையிலிருந்து வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வரவே ஒரு மணி நேரம் ஆகும் பெண்ணுக்கு அந்த இடைவேளையால் என்ன பயன்?

அதுவும் மாதச் சம்பளம் பெறும் பெண்ணுக்கு. மீன் விற்பவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், அப்பம் சுட்டு விற்பவர் ஆகியோருக்கு, சட்டம் விரல் நீட்டிப் பொறுப்புச் சொல்லக்கூடிய முதலாளியே கிடையாது. 2010இல் பிரதியமைச்சர் ஒருவர் தந்த கணக்கின்படி வடக்கு, கிழக்கில் 89,000 விதவைகள். அவர்களில் 49,000 பேர் கிழக்கில். இவர்களில் எத்தனையோ பேர் கைக்குழந்தையோடு உழைக்கப் போனவர்கள். நாடு முழுவதையும் எடுத்தாலும் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்கள் வேலைக்கு வருவதில்லையே என்று கருத்தரங்குகளில் பெருமூச்சு விடுவோர், பிள்ளையை எங்கே விடுவது என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் போதும்.

என்னோடு பணியாற்றிய பெண் துணை ஆசிரியர் ஒருவரை இங்கே நினைக்கிறேன். பெயர் வேண்டாம், பத்திரிகையின் பெயரும் வேண்டாம். மொழியறிவிலும் செய்தியுணர்விலும் எங்கள் மேசையில் அவருக்கு நிகரில்லை. பேற்று விடுமுறை முடிந்து வந்தார். மூன்றாவது மாதம் விலகினார். பிள்ளையைப் பார்த்த அயல்வீட்டு அம்மா நோயுற்றுவிட்டார், வேறு ஆளில்லை. அதே கட்டடத்தில் அச்சுத்தாள் அடுக்க இரண்டு அறைகள் இருந்தன. தொட்டில் கட்ட ஓர் அறை கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அவருடைய இடத்துக்கு வந்தவர் ஆண்.

அரசுக்கு இந்தப் பிரச்சினை தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டது. பொருளாதாரம் சரிந்து டொலர் தேவைப்பட்ட 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையைக் காரணங் காட்டித் தாயைத் தடுக்க அரசுக்குத் தெரிந்தது. தேவை வந்தபோது அனுப்பவும் தெரிந்தது. உள்ளூரிலேயே உழைத்து மாலையில் பிள்ளையிடம் திரும்பிவர ஒரு வழி செய்ய மட்டும் தெரியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. முதலாவது, அம்மம்மா இருக்கிறாரே என்பது. இருந்தார். யுத்தமும் புலப்பெயர்வும் அம்மம்மாக்களையும் சிதறடித்துவிட்டன. அவர்களில் ஒருவர் ரொறொன்ரோவில் சுப்பர் விசாவில் நின்று பேரப்பிள்ளையைப் பார்க்கிறார். மற்றவர் இங்கேயே ஐம்பத்தைந்து வயதில் தாமும் கூலிக்குப் போகிறார். வீட்டில் இருப்பவரும் நீரிழிவோடும் முழங்கால் வலியோடும் ஓடித் திரியும் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் துரத்த வேண்டியவர். அவரது அன்பை நான் குறைக்கவில்லை. அதை இலவசக் கூலியாக எழுதிவைத்த நம் கணக்கைத்தான் குறைசொல்கிறேன்.

இரண்டாவது, பிள்ளை தாயோடுதான் இருக்க வேண்டும் என்பது. முதல் ஆறு மாதத்துக்கு இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கேற்ற சம்பள விடுமுறையைக் கேட்போம். இந்தியா 2017இல் 26 வாரம் ஆக்கி, 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் நிறுவனங்களில் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. அங்கும் அமைப்புசாராத் தொழிலில் உள்ள பெண்ணுக்கு அது எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகோ, தாய் வேலைக்குப் போவாரா மாட்டாரா என்பதை நம் ஒழுக்கப் போதனை தீர்மானிப்பதில்லை. வீட்டு அரிசிப் பானை தீர்மானிக்கிறது.

மூன்றாவது நியாயம் கனமானது. பல பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்தால் நோய் பரவும், கவனிப்புக் குறையும், துன்புறுத்தலும் நடக்கலாம். உண்மை. பழைய பிள்ளைக் காம்பராக்களின் வரலாறு இதற்குச் சான்று. இன்று கட்டணம் வாங்கி நடத்தப்படும் நிலையங்களிலும் வசதிக்குத் தக்கபடியே கவனிப்பு. இதனாலேயே காப்பகத்தைச் சுகாதாரச் சேவையோடு சேர்க்க வேண்டுமென்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் மருத்துவமாது, பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் ஓர் அறைக்கும் வாரம் ஒருமுறை போகட்டும். நிறை குறைந்த பிள்ளையை அங்கேயே கண்டுகொள்ளலாம். திரிபோஷவை அங்கேயே ஊட்டலாம். தடுப்பூசி தவறிய பிள்ளையைத் தேடி அலைய வேண்டியதில்லை. கண்காணிக்கப் புதிய திணைக்களம் எதுவும் தேவையில்லை. 1926இல் போட்ட அத்திவாரம் இருக்கிறது.

லிங்கநகரில் இதைத் தொடங்க என்ன வேண்டும்? காற்றும் வெளிச்சமும் உள்ள ஓர் அறை. குடிநீர், கழிப்பறை, ஒழுங்கைக்குப் பிள்ளை ஓடாதபடி ஒரு வேலி. பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பெண்கள், அவர்களுக்குக் கௌரவமான மாதச் சம்பளம். மதிய உணவு. தாய் வேலை முடிந்து வரும் நேரம்வரை திறந்திருக்கும் ஒழுங்கு; முன்பள்ளி போல் பதினொன்றரை மணிக்கு மணியடித்து அனுப்பிவிட்டால் உழைக்கும் தாய்க்கு அதனால் உதவியில்லை. இடத்தை உள்ளூராட்சி மன்றம் தரட்டும், சம்பளத்தை மாகாண சபை ஏற்கட்டும், மேற்பார்வையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை செய்யட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியும் விளக்கும் கேட்கும் நாம், அடுத்த முறை இதையும் கேட்போம். 1931இல் வாக்குரிமை கிராமத்துக்கு மருத்துவமாதைக் கொண்டுவந்தது. அந்த வாக்கு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் காலையில் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். கியூபெக் மாகாணம் 1997இல் நாளொன்றுக்கு 5 டொலர் என்ற கட்டணத்தில் அதைத் தொடங்கியது. 2021இல் கனடிய மத்திய அரசு 10 டொலர்த் திட்டத்தை அறிவித்தது. அந்த வசதி இல்லாதிருந்தால் இரண்டு சம்பளமும் வீட்டுக் கடனும் எப்படி நடந்திருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இங்கே கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் வளைவுகளுக்கும் அனுப்பும் பணத்தை நான் குறைகூறவில்லை. அவற்றுள் ஒரு மண்டபமாவது கல்யாணம் இல்லாத நாட்களில் காலை ஏழு மணிக்குத் திறந்து, பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்று, மாலை ஆறு மணிக்குத் தாய்மாரிடம் ஒப்படைக்கட்டும். இரண்டு பெண்களின் சம்பளத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்க ஒரு சங்கம் முன்வந்தால், மூன்றாம் ஆண்டில் அதைப் பொறுப்பேற்கும்படி மாகாண சபையின் கதவைத் தட்ட நம்மிடம் ஓர் உதாரணம் இருக்கும். களுத்துறையிலும் ஒரே ஒரு பகுதியிலிருந்தே தொடங்கினார்கள்.